பழைய கிரெட்டா வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்காக ஒன்று, மைத்துனருக்காக ஒன்று, அலுவலக நண்பர்களுக்காக நாலைந்து என்று கடந்த சில வருடங்களில் நிறைய செகண்ட் ஹேண்ட் ஹூண்டாய் கிரெட்டாக்களில் ஏறி இறங்கிவிட்டேன். நான் மெக்கானிக் இல்லை. தாம்பரத்தில் வீடு, கிண்டியில் வேலை, இரண்டு பிள்ளைகள், முட்டிவலியோடு ஒரு அம்மா. அதாவது இந்த வண்டியை வாங்குகிற ஆட்களில் ஒருவன். "கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று கூப்பிடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும், நான் சொல்லும் பதில்களும் இங்கே.

இத்தனை வண்டி இருக்க, ஏன் கிரெட்டா?

செகண்ட் ஹேண்டில் அதிகம் கிடைக்கிறது, அதனால் நிதானமாகப் பொறுக்கி எடுக்கலாம். 2015 ஜூலையில் விற்பனைக்கு வந்தது. நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில்தான் செய்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் தட்டுப்பாடு கிடையாது, தெருமுனை மெக்கானிக்கும் ஒன்றிரண்டையாவது பிரித்துப் பார்த்திருப்பார். இதே காரணத்தால் பழைய வண்டிக்கும் விலை இறங்க மாட்டேன் என்கிறது.

எஸ்.யூ.வி. என்று பெயர் இருந்தாலும் இது உயர்த்திக் கட்டிய கார்தான். பொலிரோ, ஸ்கார்ப்பியோ மாதிரி தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) மேல் பாடியை வைத்தது அல்ல, பாடியே சேஸிஸ். இழுப்பது முன் சக்கரம் மட்டும். குடும்பத்துக்கு இதுவே வசதி, குலுக்கல் குறைவு. ஆனால் பாடி வளைந்தால் வண்டியே வளைந்த மாதிரி. விபத்து பற்றிய கேள்வியில் இதற்குத் திரும்ப வருகிறேன்.

கியா செல்டாஸ் பார்க்கிறவர்களுக்கும் இந்தப் பதில்களில் முக்கால்வாசி பொருந்தும். 2020க்குப் பிந்தைய கிரெட்டாவும் அதுவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

எந்த வருஷத்து மாடலைத் தேடுவது?

மூன்று தொகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 2015 முதல் 2020 தொடக்கம் வரை முதல் தலைமுறை: 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 1.6 டீசல், 1.4 டீசல். நடுவில் 2018 மே மாதம் முகம் மாறியது. 2020 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை: 1.5 பெட்ரோல், 1.5 டீசல், 1.4 டர்போ பெட்ரோல். 2024 ஜனவரியில் மறுபடி முகம் மாறியது. அந்த வண்டிகள் இன்னும் புதுசு விலைக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன, செகண்ட் ஹேண்டில் வாங்கப் பெரிய லாபமில்லை.

தினம் பள்ளி, அலுவலகம், காய்கறிக் கடை என்று ஓடுகிற வீட்டுக்கு என் ஓட்டு 2020 – 2022 வாக்கில் வந்த 1.5 பெட்ரோல் மேனுவலுக்கு. வேகப் பிரியர்கள் அதை மந்தம் என்பார்கள். சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிற ஜி.எஸ்.டி. சாலையில் மந்தம் என்ன, வேகம் என்ன! கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லாத இன்ஜின், எனக்கு அது போதும். பணம் இன்னும் கொஞ்சம் இழுக்கும் என்றால் 2023 மாடல் பாருங்கள். அந்த வருடம்தான் ஆறு ஏர்பேக்கை எல்லா வகையிலும் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் கீழ்நிலை வகைகளில் இரண்டுதான்.

பெட்ரோலா, டீசலா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள். ஊருக்குள் பெட்ரோல் லிட்டருக்கு 11, டீசல் 16 தருகிறது என்று வையுங்கள். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92.50 என்றால் மாதம் சுமார் 7,350 ரூபாய்க்கு எதிராக 4,625. மிச்சம் 2,700 சொச்சம். அதே வருடத்து டீசல் வண்டிக்கு 1,20,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டால், அந்தப் பணம் திரும்பி வரவே 44 மாதம் ஆகும். அதற்குள் வண்டிக்கு வயதும் ஆகிவிடும்.

பெரிய தலைவலி இன்னொன்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் உள்ள கரியைப் பிடித்துவைத்து, சூடு ஏறும்போது தானே எரித்துத் தள்ளும். அந்தச் சூடு ஏற வேண்டுமென்றால் வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது ஒரே சீராக ஓட வேண்டும். மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்குப் போய்வருகிற டீசலில் கரி சேர்ந்துகொண்டே போகும். பிறகு டேஷ்போர்டில் விளக்கு எரியும், பில் வரும். வாராவாரம் திருச்சி, மதுரை என்று போகிறவர் டீசல் வாங்கட்டும். அவருக்கு அதைவிட நல்ல வண்டி கிடையாது.

பெட்ரோல்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் இ10, அதாவது பத்து சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைக் கணக்கில் வைத்துச் செய்தவை. இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் கலந்த இ20. மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்காகப் பயந்து ஓட வேண்டாம். ரப்பர் ஹோஸ்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று மட்டும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் எந்த ஆட்டோமேட்டிக் என்று கேளுங்கள். 1.5 டீசலில் வருவது டார்க் கன்வெர்ட்டர், எண்ணெய் வழியாக இழுவையைக் கடத்துகிற பழைய வகை. மாடு மாதிரி உழைக்கும். 1.5 பெட்ரோலில் வருவது ஐ.வி.டி., அதாவது கியர் படிகளே இல்லாத சி.வி.டி. வகை, நிதானமாக ஓட்டுகிறவர்களுக்குச் சுகம். 1.4 டர்போவில் வருவது இரண்டு க்ளட்ச் உள்ள ஏழு கியர் டி.சி.டி. அதன் க்ளட்ச் எண்ணெயில் ஊறாத உலர் க்ளட்ச். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தால் சூடேறும். ஓட்ட அருமையான வண்டிதான், ஆனால் சென்னை நெரிசலில் ஐந்து வருடம் ஓடிய டி.சி.டி.யை நான் தொட மாட்டேன்.

வண்டியைப் பார்க்கப் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பேனட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக்குக் காலையில் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த இன்ஜின் காலையில் முதல் முறை கிளம்பும்போது மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் கக்கிவிடும்: நீலப் புகை, கடகடச் சத்தம், இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆகும் பேட்டரி. ஒருமுறை மேடவாக்கத்தில் காலை ஆறரைக்குப் போனால் பேனட் கொதிக்கிறது. "இப்பதான் பால் வாங்கப் போய்ட்டு வந்தோம் சார்" என்றார்கள். கையில் பால் பாக்கெட் இல்லை.

அப்புறம், மழையில் பார்க்காதீர்கள், சாயங்கால விளக்கிலும் பார்க்காதீர்கள். ஈர வண்டி எல்லாமே பளபளக்கும்.

அடிபட்ட வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்ன உரசலும், பம்பர் மாற்றியதும் சென்னை வண்டியில் சகஜம், அதை விட்டுத்தள்ளுங்கள். தேட வேண்டியது உள்ளே போன அடி.

பேனட்டைத் தூக்கி, முன் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையைப் பாருங்கள். ஃபேக்டரியில் பாடியோடு சேர்த்து அடித்த பெயிண்ட் அதன் மேல் இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் முனைகளில் பெயிண்ட் உரிந்திருக்கும். கதவு ரப்பரை விரலால் விலக்கி, உள்ளே தகடுகளை இணைத்த ஸ்பாட் வெல்டிங் குழிகளைப் பாருங்கள். வரிசையாக, ஒரே இடைவெளியில், சின்ன வட்டமாக இருந்தால் ஃபேக்டரி. மேடும் பள்ளமுமாக புட்டி பூசியதுபோல் இருந்தால் டிங்கர் கைவைத்திருக்கிறார். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியையும் பாருங்கள். பின்னால் இடி வாங்கிய வண்டியில் அந்தத் தகடு மடிப்பு விழுந்து நிமிர்த்தப்பட்டிருக்கும்.

கண்ணாடி நல்ல சாட்சி. ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் கம்பெனிப் பெயரும் வருடக் குறியீடும் அச்சாகியிருக்கும். ஐந்து கண்ணாடியில் ஒரு வருடமும் ஒன்றில் வேறு வருடமும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். முன் கண்ணாடி என்றால் கல் தெறித்திருக்கலாம். பின் கதவுக் கண்ணாடி என்றால் கதை வேறு.

கூரையைத் தாங்கும் தூண்கள், முன்பக்க ஏப்ரன் (இன்ஜின் அறையின் பக்கத் தகடு), கீழ்ப்பக்க ரயில் (நீளவாட்டுச் சட்டம்) இவற்றில் வெல்டிங் தெரிந்தால் எத்தனை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். பாடியேதான் சேஸிஸ் என்று மேலே சொன்னேனே, அதற்காகத்தான்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால்?

இதில் நான் சூடு பட்டவன். 2017இல் வேறொரு கார் வாங்கினேன். கிரெட்டா அல்ல, விற்ற கடையின் பெயரும் இங்கே தேவையில்லை. உள்ளே புது சீட் கவர், புது மேட், கும்மென்று லெமன் வாசனை. இரண்டாவது மாதம் பவர் விண்டோ தானாக இறங்கியது. நாலாவது மாதம் ஏர்பேக் விளக்கு. ஒயர்மேன் டேஷ்போர்டைப் பிரித்து, கனெக்டர்களில் பச்சை பூத்திருப்பதைக் காட்டினார். 2015 டிசம்பர் மழையில் நின்ற வண்டி. முன் சீட்டைக் கழற்றியபோது அடியில் காய்ந்த வண்டல், மாவு மாதிரி. வாங்கிய விலையில் கால்வாசியைச் செலவு செய்துவிட்டு, வந்த விலைக்கு, விஷயத்தைச் சொல்லியே விற்றேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதை. பள்ளிக்கரணை, வேளச்சேரி, முடிச்சூர் பக்கமெல்லாம் வண்டிகள் மூழ்கின. இன்சூரன்ஸ் கம்பெனிகள் முழு நஷ்டம் என்று முடித்து ஏலம் விட்ட வண்டிகளைத் தேற்றி மறுபடி சாலைக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அதனால் எந்தப் பழைய வண்டியிலும் இதைச் செய்யுங்கள்: முன் சீட் பெல்ட்டை முழுசாக, கடைசி நுனி வரை இழுங்கள். சாதாரணமாக யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, கழுவுகிறவரும் இழுப்பதில்லை. சேற்றுக் கோடு இருந்தால் அங்கே இருக்கும். கீழே பெல்ட்டில் தைத்திருக்கும் துணி லேபிளில் தயாரித்த தேதியும் இருக்கும். 2019 வண்டியில் 2024 பெல்ட் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

சீட் ஓடுகிற தண்டவாளத்தில் துரு, ஃபியூஸ் பாக்ஸ் ஓரத்தில் மண், ஏ.சி.யை ஹீட்டர் பக்கம் திருப்பினால் கிளம்பும் பாசி வாடை ஆகியவையும் அடையாளம். ஒரு எச்சரிக்கை: பனோரமிக் சன்ரூஃப் உள்ள கிரெட்டாவில் ஈர வாடை வந்தால் உடனே வெள்ளம் என்று முடிவு கட்ட வேண்டாம். வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியில் இலை அடைத்து, சன்ரூஃப் வடிகால் குழாய் வழியாக இறங்க வேண்டிய தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். அது சரிசெய்யக்கூடியது.

மீட்டரைக் குறைத்திருப்பார்களோ?

குறைத்திருக்கலாம். மீட்டரை நம்பாமல் பில்லை நம்புங்கள்; ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். பில் இல்லையென்றால் பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், டிரைவர் சீட்டின் வலது ஓரம் மூன்றையும் பாருங்கள். 35,000 ஓடிய வண்டியில் பெடல் வழுக்கையாகாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரம். 2021 வண்டி 28,000தான் ஓடியது என்கிறார்கள், நான்கு டயரும் 2024 என்றால் கணக்கு உதைக்கிறது.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிப்பது?

தெருவைச் சுற்றி ஒரு ரவுண்டு போதாது. பதினைந்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள், பாட்டை நிறுத்திவிட்டு. ஜன்னலை இறக்கி ஸ்பீடு பிரேக்கர்களில் ஒவ்வொரு சக்கரமாக மெதுவாக ஏறி இறங்குங்கள். 'டொக்' என்றால் சஸ்பென்ஷன் புஷ்ஷோ லிங்க் ராடோ. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள், கோளாறு இருந்தால் கையில் தட்டுவது தெரியும். காலி நேர்ச்சாலையில் பிடியைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறதா, எண்பதிலிருந்து பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்றும் பாருங்கள். மேனுவல் என்றால் ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் க்ளட்சை விடுங்கள். நல்ல க்ளட்ச் உடனே இன்ஜினை அணைத்துவிடும். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தால் க்ளட்ச் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

ஏ.சி.யை மத்தியான வெயிலில், வண்டி நிற்கும்போது, பின் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஓடும்போது எல்லா ஏ.சி.யும் குளிரும்.

குடும்பத்துக்கு ஏற்றதா என்று எப்படி முடிவு செய்வது?

குடும்பத்தையே அழைத்துப் போங்கள். வேறு வழி கிடையாது. நான் எடுத்த வண்டியை முடிவு செய்தது என் அம்மாதான். அதற்கு முன் பார்த்த செடானில் அம்மா குழிக்குள் இறங்குவதுபோல் இறங்கி, கதவைப் பிடித்து எழுந்தார். கிரெட்டாவில் சீட் இடுப்பு உயரத்தில் இருந்தது. திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெரிய எஸ்.யூ.வி.யில் புடவையோடு படியில் ஏற வேண்டியிருந்திருக்கும்.

பின்னால் மூன்று பெரியவர்கள் செங்கல்பட்டு வரை போகலாம், ராமேஸ்வரம் வரை முடியாது. இரண்டாம் தலைமுறையில் டிக்கி 433 லிட்டர். இரண்டு பெரிய பெட்டியும் ஒரு பையும் கொள்ளும், மடக்கிய வீல்சேர் வைத்தால் மற்றதெல்லாம் மடியில். நீளம் 4.3 மீட்டர், அகலம் 1.79 மீட்டர். பழைய அபார்ட்மென்ட் என்றால் உங்கள் பார்க்கிங்கை டேப் வைத்து அளந்துவிட்டு வண்டி தேடுங்கள். தூணுக்கும் கதவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும். 2022இல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்தியக் கிரெட்டாவை மோதிப் பார்த்தபோது பெரியவர்களுக்கு 3 நட்சத்திரம், குழந்தைகளுக்கு 3 நட்சத்திரம்தான் கிடைத்தது. அது இரண்டு ஏர்பேக் வண்டி. அதே வருடம் ஸ்கோடா குஷாக்கும் வோக்ஸ்வாகன் டைகூனும் இரண்டிலும் 5 வாங்கின. இதுதான் உங்களுக்கு முதல் கேள்வி என்றால் அந்த இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள், நான் தடுக்க மாட்டேன். கிரெட்டாதான் என்றால் பின் சீட்டின் மடிப்புக்குள் விரலை விட்டு, குழந்தை சீட் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். எல்லா வகையிலும் கிடையாது. நடு ஆளுக்குத் தோள் வரை பெல்ட்டா, இடுப்புக்கு மட்டுமா என்பதையும் பாருங்கள்.

பேப்பரில் எதை நம்புவது?

ஆர்.சி.யை வாங்கி அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஒப்பிடுங்கள்: எத்தனையாவது ஓனர், கடன் இருக்கிறதா, சலான் பாக்கி உண்டா. சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே குனிந்து படியுங்கள். கடன் இருந்து அடைத்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

பலர் கவனிக்காத ஒரு தாள் இன்சூரன்ஸ் பாலிசி. அதில் என்.சி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும். கிளெய்ம் வாங்காத வருடத்துக்கான தள்ளுபடி அது. 20, 25, 35, 45, 50 என்று ஏறும், கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருடம் பூஜ்யம். ஐந்து வருட வண்டி, ஒரே ஓனர், "ஒரு கீறல்கூட இல்லை சார்" என்கிறார். பாலிசியில் 20 என்று இருக்கிறது. சரி, முந்தின வருடத்துக்கும் முந்தின வருடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாலிசி நடுவில் விட்டுப்போயிருந்தாலும் பூஜ்யமாகும், அதனால் சண்டை போடாமல் கேளுங்கள். இந்தத் தள்ளுபடி ஆளுக்குச் சொந்தம், வண்டியோடு உங்களுக்கு வராது. வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கல்.

விற்கிறவருக்கும் இதில் அவசரம் உண்டு. பெயர் மாறாத வரை விபத்து நஷ்டஈடு பதிவேட்டில் பெயர் உள்ளவர் தலையில்தான் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

டெல்லி வண்டி மலிவாக வருகிறதே?

அங்கே டீசலுக்கு 10 வருடம், பெட்ரோலுக்கு 15 வருடம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். அது நெருங்கும்போது தெற்கே தள்ளிவிட்டார்கள். என்.ஓ.சி., இங்கே புது நம்பர், வயதுக்கேற்ற ஆயுள் வரி எல்லாம் சேர்த்தால் மலிவு கரைந்துவிடும். பாண்டிச்சேரி நம்பருக்கும் இதே கதைதான். வேறு மாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டக் கூடாது.

விலை பேசுவது எப்படி?

அதே வருடம், அதே வகை, அதே எரிபொருள் என்று பத்து விளம்பரமாவது பார்த்துவிட்டுப் போங்கள். பாலிசியில் உள்ள ஐ.டி.வி.யும், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்குப் போட்ட மதிப்பும், ஒரு பிடிமானம். குறை சொல்லிப் பேசுவதைவிடச் செலவைச் சொல்லிப் பேசுவது நடக்கும். மைத்துனர் எடுத்த வண்டிக்கு 9.40 லட்சம் கேட்டார்கள். நான்கு டயர், பேட்டரி, முன் பிரேக் பேட், வரப்போகிற இன்சூரன்ஸ் என்று ஒரு தாளில் எழுதி, மெக்கானிக் சொன்ன தொகையைப் பக்கத்தில் போட்டு நீட்டினோம். ஓனரான அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்து, "பேட்டரி போன மாசம்தான் மாத்தினோம்" என்று அதை மட்டும் அடித்தார். 8.85க்கு முடிந்தது.

முழுப் பணத்தையும் கொடுக்கும் முன் கடைசியாக ஒன்று?

இரண்டாவது சாவி. "ஊரில் இருக்கிறது, கொரியரில் அனுப்புகிறேன்" என்றால் வரும் வரை பத்தாயிரத்தைப் பிடித்து வையுங்கள். தொலைந்துவிட்டது என்றால் புது சாவிக்கும் புரோகிராமிங்குக்கும் ஆகும் செலவைக் கழியுங்கள். இரண்டும் கைக்கு வந்தால் இரண்டையும் போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஒன்றில் பேட்டரி செத்துத்தான் இருக்கும்.